பூஞ்சை இழையைப் பார்க்க ஃபோல்ட்ஸ்கோப் போதுமா?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் குழு உருவாக்கி, 2014இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்ட காகித நுண்ணோக்கிதான் ஃபோல்ட்ஸ்கோப். வெங்காயத் தோலையும் கொசு இறக்கையையும் வைத்து அதை மதிப்பிட்டவர்கள் பலர். பூஞ்சை இழை வளர்வதையும் வழி தேடுவதையும் அதில் எவ்வளவு தூரம் பார்க்க முடியும் என்பதே என் அக்கறை.

கருவி 140 மடங்கு பெரிதாக்குகிறது. 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான நுணுக்கத்தைக் காட்டுகிறது. ரொட்டியில் படரும் ரைசோபஸின் இழைகள் அதைவிடப் பல மடங்கு தடித்தவை என்பதால், தொடங்குவதற்கு அதுவே ஏற்றது. சர்க்கரை கலந்த அகரை (கடற்பாசியிலிருந்து கிடைக்கும் கூழ்) ஸ்லைடில் மெல்லிய படலமாக ஊற்றி, ஓரத்தில் பூஞ்சைத் துணுக்கை வைத்துக் கவர்ஸ்லிப்பால் மூடி, ஈரத்துணி விரித்த டப்பாவில் இரவு முழுவதும் விட்டுவிட்டால், காலையில் இழைகள் படலத்துக்குள் நீண்டிருக்கும். ஒரு நுனியைக் குவியத்தில் நிறுத்திப் பொறுமையாகக் கவனித்தால், கிளை பிரிந்த இடம் அப்படியே இருக்க, நுனி மட்டும் முன்னேறுவது புலப்படும். இழைக்குள்ளே நுண்ணிய மணிகள் ஓடுவதும் தெரியும். இந்த ஓட்டம் ஒன்றுக்காகவே கொடுத்த பணம் தகும் என்பேன்.

ஆனால் நுனி ஏன் திரும்புகிறது என்பதை இக்கருவி காட்டாது. நியூரோஸ்போரா என்னும் பூஞ்சையின் இழைக்குள் சுமார் 5 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் நிலவுகிறது. நுனியில் மட்டும் சுவர் இளகி, புதிய சுவர்ப்பொருளைச் சுமந்த நுண்பைகள் அங்கே வந்து சேர்வதால், அது மணிக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் நீள்கிறது. அந்த நுண்பைகள் கூடும் ஸ்பிட்சன்கார்ப்பர் என்னும் திரள் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ, அந்தப் பக்கமே இழை வளைகிறது. அதைக் காண ஆய்வுக்கூடத்துக் கருவிதான் வேண்டும். காகித நுண்ணோக்கியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று.

அவரைக் குடும்பப் பயிர்களைத் தாக்கும் துருப்பூஞ்சை இலையின் மேல் ஊர்ந்து செல்லும்போது, வெறும் 0.5 மைக்ரான் உயரமுள்ள மேட்டைத் தடவியே இலைத்துளையை அடையாளம் காண்கிறது என்று 1987இல் காட்டப்பட்டது. பூஞ்சை தொட்டு உணரும் அந்த மேடு, ஃபோல்ட்ஸ்கோப் பிரித்துக் காட்டும் எல்லைக்கும் கீழே இருக்கிறது!

பள்ளி ஆசிரியர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கைப்பேசியைப் பொருத்தி, இடைவெளி விட்டுப் படம் எடுத்துக்கொண்டால் வளர்ச்சி வேகத்தை அளக்கவும் இயலும். வித்துகள் காற்றில் பரவாதபடி, வகுப்பில் ஸ்லைடின் மூடியை மட்டும் எடுக்க வேண்டாம்.