முதுகு வலியோடு கடை போடுகிறவர்களுக்கு எந்த மடக்கு மேசை?

வெளியில் கடை போடுகிறவர்கள் மேசை வாங்கப் போனால் கேட்பது இரண்டே கேள்விதான். எவ்வளவு பாரம் தாங்கும்? தூக்க எவ்வளவு கனம்? இடுப்பு நன்றாக இருப்பவர்களுக்கு இந்த இரண்டும் போதும். டிஸ்க் பிதுங்கியவர்களும் நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களும் முதலில் கேட்க வேண்டியது வேறு. இதை வண்டியிலிருந்து இறக்கி, விரித்து, சாமான் அடுக்கி, பின்னால் நின்று வியாபாரம் பார்த்து, மறுபடி மடக்கி ஏற்றும் வரை எத்தனை தடவை, எவ்வளவு தூரம் குனிய வேண்டியிருக்கும்?

நான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் நாட்டு விதையும் நாற்றும் விற்கிறேன். கீழ் முதுகில் எல்4, எல்5 என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கிற டிஸ்க்கில் தொந்தரவு பல வருடமாக உண்டு. என்னுடைய மேசை மட்டுமல்ல, பக்கத்துக் கடைக்காரர்கள் கொண்டு வருகிற மேசைகளையும் விரித்து, மடக்கி, பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். எடை குறைந்த மேசைதான் இடுப்புக்கு நல்லது என்று எல்லாரும் சொல்வதை நான் ஏற்கவில்லை. உயரம் சரியில்லாத நாலு கிலோ மேசையைவிட, உயரம் சரியாக அமைந்த பத்து கிலோ மேசை இடுப்பைக் காப்பாற்றும்.

இதற்கு ஆதாரம் உண்டு. 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே என்பவரின் குழு ஒரு தன்னார்வலரின் இடுப்பு டிஸ்க்குக்குள்ளேயே உணரியை வைத்து அழுத்தத்தை அளந்தது. நிமிர்ந்து நின்றபோது 0.5 மெகா பாஸ்கல். சும்மா முன்னால் குனிந்து நின்றபோது 1.1. இருபது கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றபோதும் அதே 1.1. அந்த இருபது கிலோவை முதுகை வளைத்துத் தரையிலிருந்து தூக்கியபோது 2.3. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவுதான் என்றாலும், இது சொல்லும் திசை தெளிவு. வெறுங்கையோடு குனிந்து நிற்பதும், இருபது கிலோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பதும் டிஸ்க்குக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மேசையைத் தூக்குவது இரண்டு நிமிட வேலை. அதன் மேல் குனிந்து பொட்டலம் கட்டுவது காலை முழுக்க நடக்கிற வேலை.

சரி, எந்த உயரம்? கடைகளில் கிடைக்கும் மடக்கு மேசைகளில் பெரும்பாலானவை 70 முதல் 74 செ.மீ. உயரம். இது நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிடுவதற்கான உயரம். நின்று செய்கிற லேசான வேலைக்கு, மேசைப் பரப்பு முழங்கை உயரத்தைவிட 5 முதல் 10 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும் என்பது பணியிட அமைப்பில் பொதுவான கணக்கு. 152 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு முழங்கை ஏறக்குறைய 95 செ.மீ. உயரத்தில் இருக்கும், 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு 103 பக்கம். ஆக அவருக்கு 85 முதல் 90 வரை, இவருக்கு 93 முதல் 98 வரை. 74 செ.மீ. மேசை இருவருக்குமே தாழ்வு. சந்தைக்குப் போட்டுப் போகும் அதே செருப்போடு நின்று, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து டேப் வைத்து அளந்து பாருங்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். வயதானவர்களுக்கு வருகிற தண்டுவடக் குழாய்ச் சுருக்கத்தில் கதை தலைகீழ். அவர்களுக்கு நின்றால், நடந்தால் கால் வரை வலி இறங்கும். உட்கார்ந்தாலோ லேசாக முன்னால் சாய்ந்தாலோ ஆறுதல் கிடைக்கும். அவர்களுக்கு 74 செ.மீ. மேசையும் முதுகு சாய்கிற நாற்காலியும்தான் பொருத்தம். உங்களுடையது எந்த வகை வலி என்று மருத்துவரிடம் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

இனி மேசைகளுக்கு வருவோம். சந்தையில் அதிகம் கண்ணில் படுவது வெள்ளை எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பலகையும் இரும்புக் காலும் உள்ள, நடுவில் இரண்டாக மடிகிற மேசை. ஆறடிக்கு இரண்டரை அடி அளவில் கனம் 12 முதல் 15 கிலோ. நாலடிக்கு இரண்டடி அளவில் எட்டு முதல் பத்து கிலோ. உறுதியில் இதற்குக் குறை சொல்ல முடியாது. மழையில் நனைந்தால் துடைத்துவிட்டுப் போகலாம், மண் பட்டால் கழுவலாம். தண்ணீர் ஊற்றிய நாற்றுத் தட்டுகளை வரிசையாக அடுக்கினாலும் அசையாது.

இடுப்புக்கு ஆபத்து அதை விரிக்கும்போதுதான். வழக்கமாக எப்படி விரிப்பார்கள்? தரையில் படுக்க வைத்து, இரண்டாகத் திறந்து, கவிழ்ந்து கிடக்கும் பலகையின் மேல் குனிந்து ஒரு பக்கக் காலை இழுத்து வளையத்தைத் தள்ளிப் பூட்டி, மறுபக்கம் போய் அதையே செய்து, கடைசியில் ஒரு விளிம்பைப் பிடித்து மொத்தத்தையும் புரட்டுவார்கள். அந்தப் புரட்டலில் மறு விளிம்பு தரையில் ஊன்றியிருப்பதால் முழு எடையும் கைக்கு வராது. ஆனால் வருகிற பாதி எடையையும் குனிந்து, கையை அகட்டி, இடுப்பைத் திருகிக்கொண்டே தூக்குகிறோம். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் பாரம் தூக்கும் சூத்திரத்தில், எல்லாம் சாதகமாக இருந்தாலே வரம்பு 23 கிலோ. பாரம் உடம்பிலிருந்து 25 செ.மீ.க்குள் இருந்தால்தான் அந்த 23, 50 செ.மீ. தள்ளிப் போனால் பாதியாகிவிடும். குனிந்தால் இன்னும் குறையும், திருகினால் இன்னும் குறையும். அதுவும் ஆரோக்கியமான தொழிலாளிக்கான கணக்கு.

இந்த மேசைதான் வேண்டும் என்றால் நீண்ட விளிம்பில் நிமிர்த்தி நிற்க வைத்தபடியே திறங்கள். ஸ்டூலில் உட்கார்ந்து கால்களை வெளியே இழுத்து, வளையம் முழுக்க இறங்கிவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் இரண்டு பேர், ஆளுக்கொரு முனையைப் பிடித்து நிமிர்த்த வேண்டும். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடத் தயங்காதீர்கள். "அண்ணா, ஒரு கை குடுங்க" என்றால் மறுக்கிற ஆளைச் சந்தையில் நான் பார்த்ததில்லை.

வாங்கினால் நாலடியே வாங்குங்கள். ஆறடி தேவைப்பட்டால் இரண்டு நாலடி. எடைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆறடி மேசையின் அகலம் 76 செ.மீ., நாலடியில் 61. எதிரே நிற்கும் வாடிக்கையாளருக்குப் பொட்டலம் நீட்டுகிற ஒவ்வொரு முறையும் அந்த 15 செ.மீ. இடுப்பில் தெரியும். நாலடி வகையில் 61, 74, 91 செ.மீ. என்று மூன்று உயரத்தில் நிறுத்தக்கூடிய மாடல்களும் உண்டு. நின்று விற்பவருக்கு அந்த 91 பெரிய வரம். கூடுதல் விலை கொடுக்கத் தகுந்த ஒரே வசதி இந்த வகையில் இதுதான்.

உயரம் மாற்ற முடியாத மேசை ஏற்கெனவே வீட்டில் இருந்தால், கால் உள்ளே நுழையும் அளவில் தடித்த பி.வி.சி. குழாயை நான்கு சம துண்டாக அறுத்து மாட்டலாம். காலின் வளைவோ குறுக்குக் கம்பியோ குழாயின் வாயில் வந்து உட்கார வேண்டும். இல்லையென்றால் குறுக்கே போல்ட் போட வேண்டும். நான்கு காலும் தனித்தனியாகத் தரையைத் தொடுகிற மேசைக்குத்தான் இது ஒத்துவரும். 15 செ.மீ. வரை உயர்த்துவது சரி. அதற்கு மேல் போனால் ஆட்டம் கண்டுவிடும். செங்கல்லை அடுக்கி உயர்த்துவது மட்டும் வேண்டாம். சந்தையில் குழந்தைகள் ஓடுகிறார்கள்.

அடுத்தது பெட்டியாக மடிகிற அலுமினிய மேசை. மேலே மரநாரை அழுத்திச் செய்த மெல்லிய எம்.டி.எஃப். பலகை, கழற்றி மாட்டுகிற கால்கள், நாலைந்து கிலோ கனம். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எம்.டி.எஃப். ஓரத்தில் ஈரம் ஏறினால் உப்பிப் பிரிந்துவிடும். நாற்றுக்காரருக்கு ஈரம் தினசரி விஷயம். பலகையில் கை ஊன்றினால் பக்கவாட்டில் ஆடும். இடுப்பு வலிக்காரர் நிமிரும்போது மேசையில் கை ஊன்றித்தான் நிமிர்வார். அந்த நேரம் மேசை நகர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சுருட்டு மேசை அப்படி இல்லை. அலுமினியச் சட்டங்களைக் கோர்த்த பலகை பாயாகச் சுருளும். கால்கூடு தனியாகக் கத்தரியாக விரியும். நாலு முதல் ஏழு கிலோ. இதன் அருமை விரிக்கும் முறையில் இருக்கிறது. கால்கூட்டை நின்ற நிலையிலேயே இழுத்துத் திறந்து, மேலே பலகையை உருட்டிவிட்டால் முடிந்தது. கவிழ்ப்பதும் இல்லை, புரட்டுவதும் இல்லை. முதுகு வலிக்காரருக்கு இதைவிட இதமாக விரிகிற மேசை வேறு இல்லை. ஆனால் பல மாடல்கள் 70 செ.மீ.யிலேயே நின்றுவிடுகின்றன. கால் நீள்கிற வகையாகத் தேடி, எதுவரை நீள்கிறது என்று கேட்டு வாங்குங்கள். குறுக்குச் சட்டம் முன்பக்கம் தாழ்வாக ஓடினால் பாதத்தை உள்ளே வைத்து நெருங்கி நிற்க முடியாது. நெருங்க முடியாவிட்டால் எட்ட வேண்டும், எட்டினால் குனிய வேண்டும். துணி, நகை, விதைப் பொட்டலம், புத்தகம் என்று லேசான சரக்குக்கு இது நல்ல தேர்வு. மண் நிரப்பிய தொட்டிகளை இதன் மேல் அடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மண்டபத்து மரப்பலகை மேசை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருபது கிலோவுக்கு மேல் வரும், ஆள் வைத்துத் தூக்குகிறவருக்கு மட்டும். நாலு ஸ்டூல் ஒட்டிய பிக்னிக் மேசையையும் விட்டுவிடலாம். முதுகுச் சாய்வு கிடையாது, உட்காரும் தூரத்தை மாற்ற முடியாது, ஒருவர் எழுந்தால் மொத்தமும் ஆடும்.

கடைசியாக, எந்த ஷோரூமிலும் விற்காத ஒன்று: வெல்டிங் பட்டறையில் செய்துகொள்கிற இரண்டு மடக்குத் தாங்கிகளும் அவற்றின் மேல் ஒரு பிளைவுட் பலகையும். நான் கடை போடுவது இதில்தான். முக்கால் அங்குல, 1.2 மி.மீ. கனமுள்ள சதுர இரும்புக் குழாயில் செய்தால் ஒரு தாங்கி மூன்றரை, நாலு கிலோ வரும். நாலடிக்கு இரண்டடி, 12 மி.மீ. பிளைவுட் ஐந்தரை கிலோ பக்கம். மொத்தம் 13 கிலோ ஆகிறதே என்று தோன்றும். ஆனால் ஒரு தடவைக்குக் கையில் இருப்பது ஆறு கிலோவுக்குள்தான். தாங்கியை நின்றபடியே விரித்து வைத்து, பலகையை உடம்போடு அணைத்து எடுத்து வந்து, இடுப்பு உயரத்திலேயே மேலே சரித்துத் தள்ளிவிடலாம். தரைக்குக் குனிகிற வேலையே இல்லை.

முக்கியமாக, உயரம் நம் இஷ்டம். "வழக்கமா முப்பது இஞ்ச்தான் போடுவோங்க" என்றார் பட்டறை அண்ணன். "நான் நின்னே விக்கணுங்கண்ணா, முப்பத்தாறு போட்டுருங்க" என்றேன். அவர் என்னை அங்கேயே நிற்கச் சொல்லி, முழங்கைக்குக் கீழே சாக்பீஸால் தூணில் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து பிளைவுட்டின் கனத்தைக் கழித்துக் குழாயை அறுத்தார். எந்தக் கம்பெனி மேசையிலும் இந்த வசதி கிடைக்காது.

செய்யச் சொல்லும்போது மூன்று விஷயத்தை விடாதீர்கள். தாங்கியின் இரண்டு கால்களுக்கு நடுவே சங்கிலி அல்லது கெட்டியான பட்டை வேண்டும், இல்லையென்றால் வழுக்குத் தரையில் கால் அகன்றுகொண்டே போகும். பலகையின் அடியில் தாங்கி உட்காருகிற இடத்துக்கு இருபுறமும் ரீப்பர் கட்டை அடித்துக்கொண்டால் பலகை நழுவாது. பிளைவுட் ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ள, ஈரம் தாங்குகிற மரைன் வகையாக இருக்கட்டும், நாலு ஓரத்துக்கும் பெயிண்ட் அடித்துவிடுங்கள். ஈரம் ஓரம் வழியாகத்தான் ஏறும். 12 மி.மீ. பலகை பாரம் கூடினால் நடுவில் லேசாகத் தொய்யும். 18 மி.மீ. போட்டால் தொய்யாது, ஆனால் பலகை மட்டும் எட்டு கிலோவைத் தாண்டும். தாங்கிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து 12லேயே சமாளிப்பது இடுப்புக்கு உத்தமம்.

குறையும் உண்டு. பார்க்க அழகாக இருக்காது. முன்னால் துணி தொங்கவிட வேண்டும். மேடுபள்ளத் தரையில் இரண்டு தாங்கிகளும் வேறு வேறு மட்டத்தில் நிற்கும். காலடியில் வைக்கச் சாணளவு பலகைத் துண்டுகள் சிலவற்றைப் பையில் வைத்துக்கொண்டால் மட்டமும் சரியாகும், மணலில் கால் புதைவதும் நிற்கும். ஆடி மாதக் காற்றில் துணி கட்டிய எந்த மேசையும் பாய் விரித்த படகுதான், லேசான சுருட்டு மேசை எல்லாவற்றுக்கும் முதலில் போகும். குறுக்குக் கம்பியில் காலித் தண்ணீர் கேனைக் கட்டிவிட்டு, அப்புறம் மக்கில் மொண்டு ஊற்றி நிரப்புங்கள். நிரம்பிய இருபது லிட்டர் கேனைத் தூக்கி வந்து கட்டாதீர்கள்.

எந்த மேசையாக இருந்தாலும், இருப்புச் சரக்கைத் தரையில் வைத்தால் உயரத்துக்காகச் செலவழித்த காசு வீண். பின்னால் ஒரு ஸ்டூலோ கவிழ்த்த கிரேட்டோ போட்டு அதன் மேல் வையுங்கள். நிற்கிற இடத்தில் ஒரு செங்கல் போட்டு, ஒரு காலை அதன் மேல் மாற்றி மாற்றி வைத்தால் இடுப்பு வளைவு தளரும். குட்டி யானையிலோ ஆம்னியிலோ மேசையைக் கடைசியாக ஏற்றுங்கள். இறக்கும்போது உள்ளே எட்டி இழுக்க வேண்டாம்.

என் கணக்கில், நின்று விற்கிற டிஸ்க் நோயாளிக்குத் தாங்கியும் பிளைவுட்டும்தான் முதல் தேர்வு. பட்டறைக்கு அலைய முடியாதவர் 91 செ.மீ. நிற்கிற நாலடி எச்.டி.பி.இ. வாங்கலாம், கூட ஒரு ஆள் இருந்தால். தனியாக பஸ்ஸிலோ ஸ்கூட்டரிலோ போகிறவர், சரக்கும் லேசு என்றால், கால் நீள்கிற சுருட்டு மேசை. கடையில் வாங்குவதாக இருந்தால் விற்பவர் விரித்துக் காட்டியதோடு திருப்திப்படாதீர்கள். மடக்கி வைக்கச் சொல்லிவிட்டு, நீங்களே தனியாக ஒரு தடவை விரித்து, பின்னால் கொஞ்ச நேரம் நின்று, பில் புத்தகத்தை மேலே வைத்து எழுதிப் பார்த்து, மறுபடி மடக்குங்கள். இடுப்பில் எங்காவது சுருக்கென்றால் அந்த மேசையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.