அகராதி வடிவமா, தன்மை ஒருமையா: ஸ்பானிய சப்ஜங்டிவுக்கு இரு வழிகள்

ஸ்பானிய மொழியில் நிகழ்கால சப்ஜங்டிவை, அதாவது ஒன்றை உண்மை என்று அறிவிக்காமல் விருப்பம், வேண்டுகோள், உணர்ச்சி போன்றவற்றோடு சொல்லும்போது வரும் வினை வடிவத்தை, கற்கத் தொடங்குவோர் முன் இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன. அகராதியில் காணப்படும் வினை வடிவத்தை எடுத்து, அதன் ஈற்றை நீக்கி, உயிரை மாற்றிப் போடுவது ஒன்று. இண்டிகேட்டிவ் எனப்படும் சாதாரண நிகழ்காலத்தின் தன்மை ஒருமையிலிருந்து, அதாவது 'நான் பேசுகிறேன்' என்பதற்குரிய சொல்லிலிருந்து, கடைசி ஒகரத்தை எடுத்துவிட்டுப் புதிய ஈற்றைச் சேர்ப்பது மற்றொன்று. ஒழுங்கான வினைகளில் இரண்டும் ஒரே விடையைத் தருவதால் பலர் முதல் வழியோடு நின்றுவிடுகிறார்கள். முதல் நாளிலிருந்தே இரண்டாவதைப் பழகுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இங்கே ஸ்பானியச் சொற்களில் அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதுகிறேன். ஒலிப்பு லத்தீன் அமெரிக்க வழக்கைத் தழுவியது.

'பேசு' என்னும் பொருளுடைய 'அப்லார்' வினையைப் பார்ப்போம். சாதாரண நிகழ்காலத்தில் 'நான்' வடிவம் 'ஆப்லொ', 'அவர்' வடிவம் 'ஆப்ல'. சப்ஜங்டிவில் நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்னும் ஆறு இடங்களுக்கும் முறையே ஆப்லெ, ஆப்லெஸ், ஆப்லெ, அப்லேமொஸ், அப்லேய்ஸ், ஆப்லென் என்று வரும். 'சாப்பிடு' என்னும் 'கொமேர்' இதற்கு நேர் எதிராக அகரம் ஏற்கும்: கோம, கோமஸ், கோம, கொமாமொஸ், கொமாய்ஸ், கோமன். 'வாழ்' என்னும் 'விவீர்' வினையும் 'கொமேர்' போலவே வீவ, வீவஸ் என்று செல்லும். உலகெங்கும் கேட்கும் 'வீவ' என்ற வாழ்த்தொலி இந்த வடிவமே, நம் 'வாழ்க' என்னும் வியங்கோள் போல. ஐந்தாவது வடிவம் பெரும்பாலும் ஸ்பெயினுக்கே உரியது. லத்தீன் அமெரிக்க வழக்கைக் கற்போர் அதை விட்டுவிடலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 'நான்' வடிவமும் 'அவர்' வடிவமும் இங்கே ஒன்றாகிவிடுவதால், இடம் தெளிவாக இல்லாதபோது பெயரையோ 'யோ' என்னும் தன்மைச் சொல்லையோ வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

இதுவரை இரு வழிகளுக்கும் வேறுபாடில்லை. 'வைத்திரு' என்னும் 'தெனேர்' வந்தவுடன் முதல் வழி தடுமாறுகிறது: அது 'தேன' என்னும் பிழையான வடிவத்தைத் தரும். இரண்டாம் வழியோ 'தேங்கொ' என்ற தன்மை ஒருமையிலிருந்து 'தேங்க' என்ற சரியான வடிவத்தைத் தருகிறது. 'சொல்' என்னும் 'தெஸீர்' தீகொ, தீக என்றும், 'அறி' என்னும் 'கொனொஸேர்' கொனோஸ்கொ, கொனோஸ்க என்றும் ஆகின்றன. 'தெஸீர்' இப்படி மாறுவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. லத்தீனில் 'சொல்கிறேன்' என்பது 'தீகோ'. அங்கே ககரம் வல்லொலி. ஸ்பானியமாக மாறிய வழியில் ஒகரத்துக்கும் அகரத்துக்கும் முன் அது மெலிந்து நின்றது. எகர, இகரங்களுக்கு முன் ஸகரமாகத் திரிந்தது. அதனால்தான் 'தீகொ', 'தீக' இரண்டும் ஒரு பக்கமும், 'அவர் சொல்கிறார்' என்னும் 'தீஸெ' மறுபக்கமும் நிற்கின்றன.

இரண்டாம் வழிக்கும் எல்லை உண்டு. 'நினை' என்னும் 'பென்ஸார்' தன்மை ஒருமையில் 'பியேன்ஸொ' ஆகிறது. சப்ஜங்டிவில் 'பியேன்ஸெ' சரி, ஆனால் 'நாம்' வடிவம் 'பென்ஸேமொஸ்' என்று பழைய உயிருக்கே திரும்பிவிடும். முற்றிலும் விலகுபவை ஆறு வினைகள்: ஸேர், எஸ்தார் (இரண்டும் 'இரு'), தார் ('கொடு'), ஈர் ('போ'), அவேர் (துணைவினை), ஸவேர் ('அறி'). இவற்றின் தன்மை ஒருமைகள் ஸோய், எஸ்தோய், தோய், வோய், ஏ, ஸே என்பவை. ஒன்றுகூட ஒகரத்தில் முடியவில்லை என்பதால், எவை விலக்கு என்பதையும் இந்த வழியே காட்டிக்கொடுக்கிறது. முதல் வழியில் அத்தகைய எச்சரிக்கை எதுவும் இல்லை.

'தேடு' என்னும் 'புஸ்கார்' எகரம் ஏற்கும்போது ஸ்பானிய எழுத்தில் சி போய் க்யூவும் யூவும் வரும். ககர ஒலியைக் காப்பதற்கான எழுத்துமாற்றம் மட்டுமே அது. தமிழில் 'பூஸ்கெ' என்று எழுதினால் மாற்றமே தெரியாது. அதை ஒழுங்கின்மை என்று மாணவர்களை அஞ்சவைப்பது தேவையற்றது.

சப்ஜங்டிவை எப்போது பயன்படுத்துவது என்பதிலும் இதே போன்ற போட்டி இருக்கிறது. விருப்பம், ஐயம், உணர்ச்சி, வேண்டுகோள் என்று தூண்டுசொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வது ஒரு முறை. 'பேசுபவர் இதை உண்மை என்று அறிவிக்கிறாரா?' என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்ப்பது மற்றொரு முறை. பட்டியல் விரைவில் பலன் தருகிறது, மறுப்பதற்கில்லை. 'கியேரொ கெ கோமஸ்' என்பது 'நீ சாப்பிட வேண்டும் என்று விரும்புகிறேன்'. எழுவாய் ஒன்றேயானால் 'கியேரொ கொமேர்', 'சாப்பிட விரும்புகிறேன்'. தமிழும் இதே இடத்தில் வாக்கியத்தை மாற்றுவதால் நமக்கு இது எளிது.

ஆனால் தூண்டுசொல் மாறாமலே வினை மாறும் இடங்களில் பட்டியல் கைவிடுகிறது. 'பூஸ்கொ அ உன் மேதிகொ கெ ஆப்ல தமீல்' என்றால் தமிழ் பேசும் குறிப்பிட்ட மருத்துவர் ஒருவரைத் தேடுகிறேன். அவர் இருக்கிறார், எனக்குத் தெரியும். 'பூஸ்கொ உன் மேதிகொ கெ ஆப்லெ தமீல்' என்றால் தமிழ் பேசக்கூடிய மருத்துவர் யாராவது கிடைப்பாரா என்று தேடுகிறேன். அப்படி ஒருவர் இருக்கிறார் என்று நான் அறிவிக்கவில்லை. 'க்வாந்தொ' என்னும் 'போது' என்ற சொல்லும் அப்படியே: நாள்தோறும் நிகழும் வருகைக்கு 'யேகொ', இனி நிகழவிருக்கும் வருகைக்கு 'யேகெ'.

இரண்டாம் முறையை 'ஐயம்' என்று சுருக்கிச் சொல்வோரும் உண்டு. அங்கேதான் பிழை நுழைகிறது. 'மெ அலேக்ரொ தெ கெ வீவஸ் அகீ', அதாவது 'நீ இங்கே வாழ்வதில் எனக்கு மகிழ்ச்சி' என்பதில் ஐயமே இல்லை; ஆயினும் சப்ஜங்டிவ் வருகிறது. நீ இங்கே வாழ்வது இருவருக்கும் தெரிந்த செய்தி. அதை நான் புதிதாகத் தெரிவிக்கவில்லை, அதன்மீது என் மகிழ்ச்சியைச் சொல்கிறேன். தமிழில் 'வாழ்கிறாய்' என்ற முற்று இங்கே 'வாழ்வதில்' என்ற பெயராக மாறி நிற்பதும் அறிவிப்பு இல்லை என்பதையே காட்டுகிறது.