"காங்சி காலத்து எழுதுமேசைப் பீங்கான்" வாங்கப் போகிறவர்களுக்கு

தாமரைகளுக்கு நடுவே கொக்கு நிற்கும் தூரிகை கழுவும் கிண்ணம். சீனப் பேரரசர் காங்சியின் காலத்தது (1662–1722), அரசுப் பணித் தேர்வில் வென்ற அதிகாரியின் மேசையில் இருந்தது என்று சொல்லித்தான் இணைய வியாபாரி ஒருவர் எங்களுக்கு விற்றார். புதுப் பொருள் என்று காட்டியும் பணத்தைத் திருப்பித் தரவில்லை. காரணம் ரசீது: "காங்சி முத்திரை உள்ளது" என்றுதான் எழுதியிருந்தார்; அடியில் அந்தப் பெயர் இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள், காலத்துக்கு உறுதி இல்லை. "காங்சி காலத்தது" என்று எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

விலையை ஏற்றியது சின்னத்தின் கதை. கதை உண்மைதான். சீனத்தில் கொக்குக்கும் பாதைக்கும் ஒரே ஒலி, 'லு'. தாமரைக்கும் தொடர்ச்சிக்கும் 'லியன்'. ஒற்றைக் கொக்கும் தாமரையும் சேர்ந்தால், வழிநெடுகத் தேர்வுகளில் வெல்க என்ற வாழ்த்து. நண்டும் அப்படியே: அதன் மேல் ஓடு 'ஜியா'; அதே சொல் தேர்வின் தரவரிசையையும் குறிக்கும். ஆனால் 1905-இல் அந்தத் தேர்வுகளே ஒழிந்த பின்னும் இவற்றை வரைகிறார்கள். சின்னம் வயதைச் சொல்லாது. எங்களுக்கு வந்த கிண்ணத்தில் கொக்கு இரண்டு, ஒற்றைக் கொக்கின் சிலேடை அப்படியே பொருந்தவில்லை. அதை வைத்துப் போலி என்று முடிவுகட்ட முடியாது.

முத்திரையும் சாட்சி ஆகாது. காங்சி காலக் குயவர்களே முந்தைய மிங் வம்சத்துப் பேரரசர் செங்ஹுவாவின் (1465–1487) முத்திரையைப் போட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காங்சி முத்திரை மலிந்தது.

பார்க்க வேண்டியது அடிப்பகுதி. 10 மடங்கு லென்ஸில் அடிவளையத்தைப் பாருங்கள். பயன்பாட்டில் தேய்ந்த கீறல்கள் பல திசைகளில் ஓடும். உப்புத்தாள் போட்டால் ஒரே திசையில் வரிவரியாக இருக்கும். தேயிலைச் சாறோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோ பூசிய பழுப்பு, கை படாத இடுக்கிலும் சீராகப் பரவியிருக்கும். அமிலம் தடவியிருந்தால் குழிகளிலும் மெருகின் (மேலுள்ள கண்ணாடிப் பூச்சின்) பளபளப்பு செத்திருக்கும். அடியின் நடுவே மங்கலாக ஒரு திட்டு தெரிந்தால், எதையோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள். 1891 முதல் அமெரிக்காவுக்குப் போன சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம்; பொருள் பழையது அல்ல என்று காட்டிக்கொடுக்கும் அந்தப் பெயரைத்தான் அழிக்கிறார்கள்.

நீர்த்துளிக் குடுவையானால் (மை அரைக்கும் கல்லில் சொட்டுச் சொட்டாக நீர் விடுவது) தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேல்துளையை விரலால் அடைத்தால் மூக்கில் சொட்டுவது நிற்க வேண்டும். துளை மெருகால் அடைபட்டிருந்தால், அதை யாரும் மை அரைக்கப் பயன்படுத்தியதில்லை.

வெப்ப ஒளிர்வுச் சான்றிதழ் (சூளையில் சுட்டு எவ்வளவு காலம் ஆனது என்று கணிக்கும் சோதனையின் சான்றிதழ்) காட்டினால் நம்பிவிடாதீர்கள். பீங்கானைச் சோதிக்கத் துளையிட்டு மாதிரி எடுக்க வேண்டும். அந்தத் துளை உங்கள் பொருளில் இருக்கிறதா, சான்றிதழ்ப் படத்தில் அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வேறு பொருளின் சான்றிதழை ஒட்டி விற்பது உண்டு. கதிர்வீச்சுக் கொடுத்து வயதைக் கூட்டிக் காட்டவும் முடியும்.