நார்ட்மனா, ஸ்ப்ரூஸா, தொட்டி மரமா?

லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் 1947 முதல் ஆண்டுதோறும் நிற்கும் கிறிஸ்துமஸ் மரம் ஆஸ்லோ நகரம் அனுப்பும் அன்பளிப்பு. அது நார்வே ஸ்ப்ரூஸ் இனம். அதன் அழகில் மயங்கி அதே இனத்தை வாங்கிவருபவர்கள், பண்டிகை வருவதற்குள் தரையெல்லாம் ஊசியிலை கொட்டிவிட்டதே என்று வருந்துவார்கள். சதுக்கத்து மரம் டிசம்பர் குளிரில் நிற்கிறது. நம் மரமோ ஹீட்டர் ஓடும் அறையில். பிரிட்டனில் மரம் வாங்குபவர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வெட்டிய மரங்களில் ஸ்ப்ரூஸுக்குப் போட்டி நார்ட்மன் ஃபர். காக்கசஸ் மலைக்காட்டு மரம். இலை தட்டையாக, மென்மையாக இருக்கும். குழந்தைகள் தொட்டாலும் குத்தாது, எளிதில் உதிராது. மெதுவாக வளர்வதால் விலை கூடுதல். மணம்தான் குறைவு. ஸ்ப்ரூஸ் இலை குத்தும், சீக்கிரம் உதிரும். ஆனால் விலை குறைவு, அதன் பிசின் மணத்துக்கு ஈடே கிடையாது. டிசம்பர் தொடக்கத்திலேயே மரம் வைத்து, ஜனவரி 6 திருக்காட்சித் திருநாள் வரை குடிலோடு வைத்திருக்கும் வீட்டுக்கு நார்ட்மன்தான் சரி. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு வைத்தால் போதும் என்பவர்கள் தயங்காமல் ஸ்ப்ரூஸ் வாங்கலாம். மணத்துக்காகவே என் விருப்பம் அதுதான்.

எந்த இனமானாலும் வெட்டிய மரத்துக்குத் தண்ணீர்தான் உயிர். தாங்கியில் நிறுத்துவதற்குச் சற்று முன் அடித்தண்டில் 2 அல்லது 3 செ.மீ. நேராக அறுத்துவிடுங்கள். பழைய வெட்டுவாயைப் பிசின் அடைத்திருக்கும். தாங்கியில் நீர் வற்றி வெட்டுவாய் காய்ந்தாலும் அதே கதைதான். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் மரம் சரியாகக் குடிக்காது. தண்டு தாங்கிக்குள் நுழையவில்லை என்று பட்டையைச் சீவுவது பெரும் தவறு. நீர் ஏறுவது பட்டையை ஒட்டிய வெளிப்புற மரப்பகுதி வழியாகத்தான். சர்க்கரையும் ஆஸ்பிரினும் வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும்.

தொட்டி மரத்தின் கணக்கு வேறு. கடையில் ஒன்றுபோலவே தெரியும் இரண்டு வகை உண்டு: தொட்டியிலேயே வளர்ந்தது ஒன்று, வயலில் தோண்டியெடுத்து, வேர்களை நறுக்கித் தொட்டியில் திணித்தது இன்னொன்று. இரண்டாவது பிழைப்பது அரிது. தண்டைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். மண்ணும் சேர்ந்து அசைந்தால் வாங்கலாம். தண்டு மட்டும் தனியாக ஆடினால் விட்டுவிடுங்கள்.

அசல் தொட்டி மரத்தையும் பத்து நாளுக்கு மேல் வீட்டுக்குள் வைக்கக் கூடாது. கதகதப்பில் வசந்தம் வந்துவிட்டதென்று நம்பி உறக்கம் கலைந்துவிடும். அப்படியே ஜனவரிப் பனியில் கொண்டுபோய் விட்டால் இளந்துளிர் கருகும். எங்கள் முதல் மரத்தை மூன்று வாரம் ரேடியேட்டர் அருகில் வைத்துச் சாகடித்துவிட்டோம். அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. அடுத்ததை டிசம்பர் 18 அன்று உள்ளே கொண்டுவந்தோம். மண்ணை ஈரமாகவே வைத்திருந்தோம். 27 அன்று குளிர்ந்த முன்வாசல் அறைக்கு மாற்றி, சில நாள் கழித்துத் தோட்டத்தில் விட்டோம். மே மாதம் கிளை நுனிகளில் இளம்பச்சைத் துளிர் வந்தது. இப்போது அதற்குப் பெரிய தொட்டி தேடிக்கொண்டிருக்கிறோம்.