காவல் காயைத் தூக்கி மேட்: லிச்செஸ் புதிர்களோடு சில வருஷம்

2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த சூட்டோடு போனில் ஏற்றியது லிச்செஸ் என்ற செஸ் செயலி. இன்றுவரை அதில் நான் விடாமல் ஆடுவது புதிர்ப் பகுதியை மட்டும்தான். அதிலும் ஒரு கட்டத்தையோ காயையோ காத்து நிற்கும் எதிராளியின் காவல் காயை அகற்றி மேட் போடும் வகை, அதாவது ராஜா தப்ப வழியில்லாமல் ஆட்டத்தை முடிப்பது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. புதிர்களும் யாரோ உட்கார்ந்து ஜோடித்தவை அல்ல, அங்கே மக்கள் ஆடிய ஆட்டங்களில் இருந்து எடுத்தவை. அதனால் பல்லடத்துப் பேக்கரி பெஞ்சில் நாங்கள் ஆடும்போது வருவது போலவே காய்கள் கோணல்மாணலாக நிற்கும்.

அடிக்கடி வரும் அமைப்பு ஒன்றைச் சொல்கிறேன் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெட்டு வரிசை, எண் குறுக்கு வரிசை). கறுப்பு ராஜா கோட்டை கட்டி ஜி8-இல், பக்கத்தில் எஃப்8-இல் யானை. வெள்ளை ராணி டி3-இல், அதற்குப் பின்னால் சி2-இல் பிஷப்; இரண்டுக்கும் குறி எச்7 சிப்பாய். ராஜாவை விட்டால் அந்தச் சிப்பாய்க்குக் காவல் எஃப்6 குதிரை ஒன்றுதான். ஜி5-இல் உள்ள இன்னொரு பிஷப்பால் அந்தக் குதிரையை வெட்ட வேண்டும். எதிராளி எந்தக் காயால் திருப்பி வெட்டினாலும் ராணி எச்7-இல் இறங்கும், ஆட்டம் முடிந்தது.

இதைப் போனில் காட்டியபோது, எங்களோடு ஆடும் தறிக்காரர் ஒருவர், வயதில் மூத்தவர், டீயைக் கீழே வைக்காமலே கேட்டார்: “ஏனுங்க தம்பி, நான் திருப்பி வெட்டவே இல்லைன்னா?” சிப்பாயை ஜி6-க்குத் தள்ளியும் காட்டினார். ராணியின் வழி அடைபட்டுப் போகிறது. மேட் இல்லை, ஒரு குதிரை லாபம், அவ்வளவுதான். நல்ல லாபம்தான், ஆனால் மேட் வேறு, லாபம் வேறு. எத்தனை புதிர் போட்டாலும் இந்தக் கேள்வியை நாமாகக் கேட்டுக்கொள்ளாவிட்டால் பயிற்சியில் பாதி வீண் என்பது என் கருத்து.

எதிராளிக்கு அப்படி நழுவ வழி இருக்கக் கூடாதென்றால், காவலை அகற்றும் நகர்வே செக்காக, அதாவது ராஜாவையே தாக்குவதாக, இருந்துவிடுவது நல்லது. 1497-இல் ஸ்பெயினில் அச்சேறிய பழைய மேட் அதற்குச் சரியான உதாரணம். ராஜா எச்8 மூலையில். ஜி7, எச்7-இல் அதன் சிப்பாய்கள். எஃப்8 யானை எஃப்7 கட்டத்தைக் காக்கிறது. வெள்ளைக் குதிரை எச்6-இல் நிற்க, ராணியை ஜி8-இல் கொண்டுபோய் வைத்துச் செக். குதிரையின் காவல் இருப்பதால் ராஜா தொட முடியாது, யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டியதும் எஃப்7-க்குக் காவல் போச்சு, தன் யானையே ராஜாவின் வழியையும் அடைத்துவிட்டது. குதிரை எஃப்7-இல் குதித்தால் மேட்.

வெட்டாமல் காவலை இழுத்துவிடும் வகையும் உண்டு. ஆடம்ஸ் – டோரே, நியூ ஆர்லியன்ஸ், 1920 ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். ஜி4, சி4, சி7, கடைசியில் பி7 என்று வெள்ளை தன் ராணியை நீட்டிக்கொண்டே போகிறது. எடுத்தால் இ8-இன் காவல் குலைந்து கடைசி வரிசையில் மேட். அப்படி ஒரு ஆட்டம் நிஜமாகவே நடந்ததா என்ற சந்தேகம் உண்டு. நமக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

வகை பிரித்துப் பயிற்சி செய்வதில் ஒரு சிக்கல்: தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. ‘காவலை வெட்டு’ என்று தெரிந்த பிறகு எந்தக் காயை என்று மட்டும் தேடினால் போதும். நிஜ ஆட்டத்தில் யார் காதில் வந்து சொல்லப் போகிறார்கள்? அதனால் கண் பழகும்வரை வகைப் புதிர், அப்புறம் கலவைப் புதிர் என்று மாற்றிக்கொண்டேன். மூன்று நிமிட வேகப் புதிர் விளையாட்டு பொழுது போக நல்லது. இந்த வகைக்கு உதவாது. கை ஓடும், கணக்கு ஓடாது.

ஈரோட்டு இனியன் 2019-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். அவரைச் சொல்லி, பையனுக்கு இந்தச் செயலி மட்டும் போதுமா என்று கேட்கிறார்கள். போதாது. புதிரைப் பலகையில் அடுக்கச் சொல்லுங்கள். விடையோடு, எதிராளி திருப்பி வெட்டாமல் வேறு எதை ஆடலாம் என்பதையும் வாயால் சொல்லட்டும், பிறகு போனைத் தொடட்டும்.