விளம்பரமில்லாத வரைபடம்: ஆர்கானிக் மேப்ஸா, ஓஸ்மாண்டா?

இலவசச் செயலிகளில் நான் மிகவும் கவனமாகத் தேர்ந்தெடுப்பது வரைபடச் செயலியைத்தான். நாம் எங்கே தங்குகிறோம், எந்த மருத்துவரிடம் போகிறோம், எந்நேரம் வீடு திரும்புகிறோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அந்த விவரங்கள் விளம்பரதாரர் கைக்குப் போகக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் ஆகிய இரண்டும் நல்ல தேர்வுகள்.

2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தில் தன்னார்வலர்கள் வரைந்து சேர்த்த தகவல்கள்தான் இரண்டுக்கும் அடிப்படை. ஆகவே ஒரு சந்து இதில் இல்லையென்றால் அதிலும் பெரும்பாலும் இருக்காது. வேறுபாடு, அந்தத் தகவலை நம் கையில் கொடுக்கும் விதத்தில்தான்.

மேப்ஸ்.மீ செயலியின் திறமூல நிரலிலிருந்து (யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய நிரல்) கிளைத்து 2021-இல் வெளிவந்தது ஆர்கானிக் மேப்ஸ். வேண்டிய பகுதியின் வரைபடத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். தேடுவதற்கும் வழி கேட்பதற்கும் இணையமே தேவையில்லை. பழைய போனிலும் வரைபடம் தயங்காமல் நகர்கிறது. மலையேறுபவர்களுக்கு நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சமஉயரக் கோடுகள்கூடக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நன்கொடைகள்தான் இதன் செலவைத் தாங்குகின்றன. முதன்முறையாக இப்படியொரு செயலியைத் தொடுபவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையிராது.

ஓஸ்மாண்ட் 2010 முதல் இருக்கிறது. அதன் ஆழம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. கார், சைக்கிள், நடை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்பு வைத்துக்கொள்ளலாம். லாரியின் உயரத்தையும் எடையையும் கொடுத்தால், தாழ்வான பாலத்தையும் எடை தாங்காத சாலையையும் தவிர்த்து வழி காட்டும், அந்தக் கட்டுப்பாடுகள் வரைபடத்தில் பதிவாகியிருந்தால். சாலை தாரா, மண்ணா என்பதை நிறத்தால் பிரித்துக் காட்டும். கடல் பயணத்துக்கும் பனிச்சறுக்குக்கும் தனி வரைபடத் தோற்றங்கள் உண்டு. நடந்த பாதையைப் பதிவுசெய்து பிறகு அலசுவதற்கு இதைவிட விரிவான வசதியை இலவசச் செயலிகளில் நான் பார்த்ததில்லை.

ஆனால் இத்தனை வசதிகளும் மெனுக்களுக்குள் மெனுவாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவசரத்தில் ஒரு முகவரியைத் தேடுபவரின் பொறுமையை அது சோதிக்கும். வரைபடமும் சற்று மெதுவாகவே விரிகிறது.

இலவசம் என்பதிலும் இரண்டும் ஒன்றல்ல. பிளே ஸ்டோரில் கிடைக்கும் ஓஸ்மாண்டின் இலவசப் பதிப்பில் 7 வரைபடங்களை மட்டுமே இறக்க முடியும். சமஉயரக் கோடுகளுக்குப் பணம் கேட்கும். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் திறமூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்திலிருந்து நிறுவினால் வரைபட எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. இந்த வழி பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆர்கானிக் மேப்ஸ் நிர்வகிக்கப்படும் விதத்தில் மனவேறுபாடு கொண்ட பங்களிப்பாளர்கள் 2025-இல் கோமேப்ஸ் என்ற கிளையைத் தொடங்கினார்கள். அதுவும் விளம்பரமற்றது; தோற்றமும் ஏறக்குறைய அதே.

சாலையில் இப்போது நெரிசல் இருக்கிறதா என்பதை ஆர்கானிக் மேப்ஸும் சொல்லாது, ஓஸ்மாண்டும் சொல்லாது. தினமும் காரில் அலுவலகம் போகிறவருக்கு இது பெரிய குறைதான். மற்றபடி அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆர்கானிக் மேப்ஸையே பரிந்துரைப்பேன். காடு, மலை என்று நாள்கணக்கில் சுற்றுபவர்களும் கனரக வாகனம் ஓட்டுபவர்களும் ஓஸ்மாண்டைக் கற்றுக்கொள்ளச் செலவிடும் நேரம் வீண்போகாது. உங்கள் தெருவில் ஒரு கடை விடுபட்டிருந்தால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கு ஒன்றைத் தொடங்கி, இந்த இரண்டு செயலிகளில் எதிலிருந்தும் நீங்களே அதைச் சேர்த்துவிடலாம்.