மெலீயா பிராலா: வெட்டிப்போட்டதை எதுல தோண்டலாம்?

நின்டெண்டோவோட சண்டை கேம் வரிசையான சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்ல பாதில கைவிட்ட சமாச்சாரங்களைப் பார்க்கணும்னு ஆசை வந்தப்ப 2001ல வந்த மெலீயா, 2008ல வந்த பிராலான்னு கொஞ்ச நாள் முழிச்சேன். கடைசில மெலீலதான் இறங்குனேன், இப்ப கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பிரால் டிஸ்க்ல கேம்ல இல்லாத ஏழு கேரக்டர் பேரு கிடக்கு. மியூட்டூ, ராய், டாக்டர் மாரியோ, டிக்ஸி காங், டூன் செல்டா, டூன் ஷீக், அப்புறம் பிளஸ்ல் மைனன் ஜோடி. கேக்க சூப்பரா இருக்கும், ஆனா அவங்களோட 3D உருவம் இல்ல, அடிக்கிற வித்தை எதுவும் இல்ல, பேர்ப்பலகை தொங்குது உள்ள வீட்டையே காணோம்.

மெலீ அப்படி இல்ல, உள்ள போய் நடமாடலாம், எனக்கு அதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுச்சு. கேமை உருவாக்கினவங்க பிழை பார்க்க யூஸ் பண்ண டீபக் மெனு அப்படியே டிஸ்க்ல இருக்கு, ஆக்‌ஷன் ரீப்ளேங்கிற சீட் கருவில கோட் போட்டா திறந்துக்கும். அதுல 'டெஸ்ட்'னு ஒரு ஸ்டேஜ், பின்னாடி வரைஞ்ச படம்கூட இல்ல, நிஜ ஃபோட்டோ ஒண்ணை ஒட்டி வச்சிருக்காங்க, அதுக்கு முன்னாடி நம்மாளு குதிச்சிட்டு இருப்பான். எவ்வளவு தூரம் அடிச்சுப் பறக்க விடலாம்னு பார்க்குற ஹோம் ரன் கான்டெஸ்ட்ல சும்மா அடி வாங்குமே அந்த மணல் மூட்டை சாண்ட்பேக், அதையே நம்ம கேரக்டரா எடுத்து ஆடலாம். அடி எங்க படும்னு காட்டுற ஹிட்பாக்ஸை ஆன் பண்ணா உடம்பு மஞ்சள் உருண்டையா, அடி சிவப்பு உருண்டையா தெரியும், அங்கயே ஒரு மணி நேரம் போயிடுச்சு எனக்கு. லிஸ்ட்ல 'அகானியா'ன்னும் ஒண்ணு இருக்கு, ஃபயர் எம்பிளம்ங்கிற இன்னொரு கேம்ல மார்த்ங்கிற ஹீரோ வர்ற மண்ணு, ஆசையா அமுக்கினா கேமே படுத்துடும். 13 மாசத்துல முடிச்ச கேம்னு டைரக்டர் சகுராய் சொல்லிருக்கார், அந்த அவசரத்துல இதெல்லாம் யாரு பெருக்கித் தள்ளப் போறா?

ஒரு தொல்லை, வெர்ஷன். அமெரிக்க டிஸ்க்லயே 1.00, 1.01, 1.02னு மூணு இருக்கு, மெமரில ஒவ்வொண்ணோட டேட்டாவும் வேற இடத்துல உக்காந்திருக்கும், அதனால ஒண்ணுக்கு எழுதின கோட் இன்னொண்ணுல ஓடாது. நான் இது தெரியாம 1.00 கோடை 1.02ல போட்டுட்டு கருப்பு ஸ்கிரீனையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன், கன்சோல் போச்சுன்னே நினைச்சேன்.

பிரால் ஃபைல்களை நான் ரெண்டு மூணு ராத்திரிதான் கிண்டிருக்கேன், கேமை மாத்தி அமைக்கிற மாடிங்ல ஊறினவங்க வேற மாதிரி சொல்லலாம். அந்தப் பேரு லிஸ்ட்டுக்கும் ஒரு ருசி உண்டு, மியூட்டூவும் ராயும் 2015ல அடுத்த ஸ்மாஷ் கேமுக்கு டிஎல்சியா, அதாவது தனியா டவுன்லோட் பண்ற கேரக்டரா, திரும்பி வந்தப்ப அதைத்தான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். டிக்ஸிக்கு 2018ல வந்த ஸ்மாஷ் அல்டிமேட்லயும் ஆடுற கேரக்டரா இடம் கிடைக்கல.